கேளுங்கோ, சொல்லுறம்: உறையாத தயிரும் பற்றீரியாவுக்கு வாற வருத்தமும்

இந்த மாசம் வந்த கடிதங்களைப் பிரிச்சு அடுக்கேக்க ஒரு வேடிக்கை. மாங்குளத்தில இருந்து ஒரு உயர்தரப் பிள்ளை, ஒட்டுசுட்டான் பக்கம் எருமை வளர்க்கிற ஒரு அக்கா, கிளிநொச்சியில படிக்கிற ஒரு கம்பஸ் தம்பி, மூண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, ஆனா மூண்டு பேரும் கேட்டிருக்கிறது ஒரே சாமானைப் பற்றி, பற்றீரியாவைப் பிடிக்கிற பக்டீரியோஃபேஜ், சுருக்கமா ஃபேஜ், எண்ட வைரசைப் பற்றி, அதில ஒராளுக்குத் தான் கேட்டது அதைப் பற்றித்தான் எண்டே தெரியாது. அதால அதைப் பற்றியே வந்த இன்னும் ரெண்டு கடிதத்தையும் சேத்துக்கொண்டு, மற்றச் சீனி வருத்தக் கேள்வியளையும் கிணத்துத் தண்ணிக் கேள்வியளையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போட்டன், கோவிக்காதேங்கோ.

கேள்வி: சேர், எங்கட பயோ புத்தகத்தில பக்டீரியோஃபேஜ் படம் நிலாவில இறங்கின ஓடம் மாதிரிக் கிடக்கு. அது பற்றீரியாவுக்குள்ள எப்பிடிப் போகுது, அரை மணித்தியாலத்தில எப்பிடி நூறாகுது? பற்றீரியா மாதிரி ரெண்டா நாலாப் பிரியிறதோ? மிஸ் கெதியாச் சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போட்டா.
உயர்தர மாணவி, மாங்குளம்

பதில்: பிரியிறதே இல்லைப் பிள்ளை. அதை முதல்ல மண்டையில ஏத்துங்கோ, மிச்சம் தானா வரும். பற்றீரியா சாப்பிடும், கொழுக்கும், நடுவால பிரியும், நல்ல சத்துள்ள சூப்பும் 37 பாகை சூடும் குடுத்தால் ஈ.கோலை எண்ட குடல் பற்றீரியா 20 நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டாகும். ஃபேஜ் சாப்பிடாது, வளராது, வெளிய கிடக்கேக்க அது ஒரு தூசு, புரதத்தில ஒரு பெட்டி, அதுக்குள்ள சுத்தி அடைச்ச ஒரு டிஎன்ஏ நூல். நீங்கள் பாத்த படம் ரீ4 எண்ட ஃபேஜ். நீளம் 200 நானோமீற்றர் அளவு, 5,000 பேரை வரிசையா நிப்பாட்டினால் 1 மில்லிமீற்றர் வரும். அதின்ர தலைக்குள்ள இருக்கிற டிஎன்ஏயை இழுத்து நீட்டினால் தலையின்ர நீளத்தைப்போல கிட்டத்தட்ட 500 மடங்கு, அவ்வளவையும் திணிச்சு வைச்சிருக்கிறபடியால் எப்ப திறந்தாலும் பாயிற நிலையிலதான் கிடக்கும்.

அதுக்கு நீந்தத் தெரியாது, நடக்கவும் தெரியாது. கால் மாதிரித் தெரியிற 6 நாரும் தடவிப் பாக்கிறதுக்கு. தண்ணி அசையிற பக்கமெல்லாம் அசைஞ்சு, அதோட இதோட முட்டுப்பட்டுத் திரியேக்க ஒரு ஈ.கோலையில தட்டுப்பட்டால் அந்த நார் அதின்ர வெளித்தோலைத் தடவும், தனக்குத் தெரிஞ்ச மூலக்கூறு அங்க இருந்தால் நிக்கும், இல்லையெண்டால் விட்டிட்டுப் போகும், அதால ஈ.கோலையைப் பிடிக்கிற ஃபேஜ் உங்கட தயிர்ப் பற்றீரியாவை ஏறெடுத்தும் பாக்காது. நிண்டாப் பிறகு அடியில இருக்கிற கட்டை நார்கள் இறங்கி இறுக்கும், இனிக் கழட்ட ஏலாது. வாலைச் சுத்தின உறை சுருங்கும், உள்ளுக்க இருக்கிற குழாய் தோலைத் துளைச்சுக்கொண்டு இறங்கும், நூல் உள்ள போகும். பெட்டி வெளியிலயே நிண்டிடும். இதை எப்பிடிக் கண்டுபிடிச்சவங்கள் எண்டு கேட்டால் எனக்கு எப்பவும் சிரிப்பு வரும், 1952 இல ஹெர்ஷி, சேஸ் எண்ட ரெண்டு விஞ்ஞானியள் ஃபேஜின்ர டிஎன்ஏயில கதிர் வீசுற பொஸ்பரசையும் புரதத்தில கதிர் வீசுற சல்பரையும் ஏத்தி, பற்றீரியாவில ஒட்ட விட்டு, பிறகு குசினியில சட்னி அடிக்கிற மாதிரி ஒரு பிளெண்டரில போட்டு அடிச்சவை. வெளிய ஒட்டியிருந்த வெறும் பெட்டியள் கழண்டு போச்சு, சல்பரில பெரும்பகுதி அதோட போச்சு, பொஸ்பரசில கனக்க உள்ளுக்க நிண்டுது. பரம்பரைச் சங்கதி டிஎன்ஏயில இருக்கு எண்டதுக்கு அது ஒரு பெரிய சாட்சி.

சரி, உள்ள போன நூல் என்ன செய்யுது? எங்கட ஊர்ப் பேக்கரி ஒண்டை நினைச்சுப் பாருங்கோ. மா இருக்கு, போறணை எரியுது, வேலையாக்கள் நிக்கினம், அவை கடதாசியில எழுதியிருக்கிறதைப் பாத்துச் செய்யிற ஆக்கள், ஆர் எழுதினது எண்டு கேக்கமாட்டினம். கதவுக்குக் கீழால ஒராள் ஒரு கடதாசியைத் தள்ளிவிட்டிட்டுப் போறார். அதில முதல் வரி, பேக்கரியின்ர பழைய செய்முறைக் கொப்பியைக் கிழிச்சுப் போடு எண்டு இருக்கு. ரீ4 செய்யிறது இதைத்தான், பற்றீரியாவின்ர டிஎன்ஏயைத் துண்டு துண்டா வெட்டி, அந்தத் துண்டுகளின்ர எழுத்துகளையே எடுத்துத் தன்ர நூலைப் பிரதி பண்ணும். புரதம் செய்யிற றைபோசோமும் பற்றீரியாவின்ரதான், சக்தியும் அதின்ரதான். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், நார் ஒரு பக்கம் எண்டு தனித்தனியாச் செய்து, தலைக்குள்ள நூலை அடைச்சு, கடைசியாத்தான் பொருத்துறது.

இதில சோதினைக்கு வாற ஒரு இடம். ஒட்டி முதல் 10 நிமிசத்துக்குள்ள அந்தப் பற்றீரியாவை உடைச்சுப் பாத்தீங்கள் எண்டால் உள்ளுக்க ஒரு முழு ஃபேஜும் இராது, விதைச்ச ஒண்டும் காணாமல் போயிருக்கும்! ஏனெண்டால் அது அப்ப வெறும் எழுத்து, பெட்டி இன்னும் செய்யேல்லை. இதைத்தான் மறைவுக் காலம் எண்டுறது. ஒண்டு ரெண்டாகி ரெண்டு நாலாகிற கணக்கு இஞ்ச இல்லை எண்டதுக்கு இதைவிட வேற விளக்கம் தேவையில்லை.

25, 30 நிமிசத்தில ஹோலின் எண்ட புரதம் உள் மென்சவ்வில ஓட்டை போடும், அந்த ஓட்டையால ஒரு நொதியம் போய்க் கலச்சுவரைக் கரைக்கும், பற்றீரியா வெடிக்கும், நூறு இருநூறு புதுப் பெட்டி வெளிய கொட்டும். 1939 இல எல்லிஸும் டெல்புருக்கும் இதை நிமிசம் நிமிசமா அளந்து கீறின வரைபுதான் உங்கட புத்தகத்தில படிக்கட்டு மாதிரி இருக்கிறது, அரை மணித்தியாலம் ஒண்டும் அசையாது, பிறகு ஒரே பாய்ச்சல், திரும்ப ஒண்டும் அசையாது. கணக்கைப் போட்டுப் பாருங்கோ, 2 மணித்தியாலத்தில ஒரு பற்றீரியா 64 ஆகும், ஒரு ஃபேஜ் 100 ஆகி, 10,000 ஆகி, 10 லட்சமாகி, 10 கோடியாகும், பிடிக்கிறதுக்குப் பற்றீரியா இருந்தால்.

எல்லாப் ஃபேஜும் வெடிக்க வைக்கிறேல்லை. லம்டா எண்டு ஒரு ஃபேஜ் இருக்கிறார், அவரைப் பற்றி எஸ்தர் லெடர்பேர்க் எண்ட விஞ்ஞானி 1951 இல எழுதினவா, லம்டா உள்ள போய்த் தன்ர நூலைப் பற்றீரியாவின்ர நூலோடயே கோர்த்து விட்டிட்டுச் சத்தமில்லாமல் இருப்பார், பற்றீரியா பிரியேக்க அவரும் சேந்து பிரதியாவார், அப்பிடியே எத்தினையோ தலைமுறை போகும். புறஊதா வெளிச்சம் பட்டு வீட்டுக்காரனுக்கு ஆபத்து எண்டு தெரிஞ்சால் கழண்டு, பெருகி, உடைச்சுக்கொண்டு வெளிய வந்திடுவார்.

கேள்வி: ஐயா, பத்து எருமை வைச்சுத் தயிர் போடுறன். ரெண்டு கிழமையாத் தயிர் உறையுதில்லை, தண்ணியாக் கிடக்கு, உறைஞ்சாலும் புளிக்குதில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி கண்ணூறு எண்டுறா, மகன் ஃபோனில பாத்திட்டு வைரஸ் எண்டுறான். பாலுக்கும் வைரஸ் வருமோ?
எருமை வளர்க்கும் ஒரு அக்கா, ஒட்டுசுட்டான்

பதில்: பாலுக்கு வராது அக்கா, பாலைத் தயிராக்கிற பற்றீரியாவுக்கு வரும். மகன் சொன்னது நடக்கக்கூடியதுதான், ஆனா அதுக்கு முதல் ஒண்டு கேக்கிறன், எந்த எருமைக்காவது மடி வீங்கி ஊசி போட்டதோ? நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட மாட்டின்ர பால் சில நாளைக்கு மற்றப் பாலோட சேந்தாலும் உறைமோரில இருக்கிற பற்றீரியாவைக் கொண்டுபோடும், சட்டியில தண்ணிதான் மிஞ்சும். அந்தப் பாலைக் கலந்திருந்தால் நிப்பாட்டுங்கோ, மிருக வைத்தியர் சொன்ன நாள் முடியுமட்டும் விக்கவும் வேண்டாம். மற்றது பால் ஆறமுதல் உறை ஊத்தினீங்களோ எண்டும் பாருங்கோ, அவசரத்தில எல்லாரும் செய்யிறதுதான்.

ரெண்டும் இல்லையெண்டால் ஃபேஜ் எண்டு சந்தேகிக்கலாம். மேல அந்தப் பிள்ளைக்குச் சொன்ன கதைதான் உங்கட சட்டிக்குள்ளயும். உறை ஊத்தேக்க நீங்கள் விடுறது லட்சக்கணக்கான பற்றீரியா, இளஞ்சூட்டுப் பாலில அது கடகடவெண்டு பெருகும், பெருகிறதுதான் ஃபேஜுக்கு வேணும், ஏனெண்டால் சோம்பிக் கிடக்கிற பற்றீரியாவுக்குள்ள அதால பெரிசாப் பெருக ஏலாது, போறணை நூந்த பேக்கரியில கடதாசி போட்டு என்ன பிரயோசனம். விடிய நீங்கள் மூடியைத் திறக்க முதல் பற்றீரியாவில முக்கால்வாசி வெடிச்சுப் போச்சு, அமிலம் செய்ய ஆளில்லை. பிறகு அதிலயே ஒரு கரண்டியை எடுத்து அடுத்த நாள் உறைக்கு விடுறீங்கள், உறைமோரோட ஃபேஜையும் சேத்தெல்லோ விடுறீங்கள். ரெண்டு கிழமை இழுபட்டதின்ர காரணம் இதாத்தான் இருக்கும்.

செய்யிறது சுகம். உங்கட உறைமோரைக் கைவிடுங்கோ, தூரத்தில நல்லாத் தயிர் போடுற இன்னொரு வீட்டில வாங்குங்கோ, பக்கத்து வீட்டில வேண்டாம், அவையும் உங்களிட்ட வாங்கினதா இருக்கும். மண்சட்டி பழசெண்டால் மாத்துங்கோ, நுண்டுளைக்குள்ள தங்கும். அகப்பை, மூடி, வடிக்கிற சீலை எல்லாத்தையும் நல்லாக் கொதிக்கிற தண்ணியில அவியுங்கோ, சும்மா சுடுதண்ணி காணாது, பால் ஃபேஜ் சிலது பாஸ்ரர் முறையில 72 பாகையில 15 செக்கன் வைச்சாலும் தப்பும். பழைய தயிர்த் தண்ணியை உறை ஊத்துற இடத்துக்குக் கிட்ட ஊத்தாதேங்கோ.

எங்கட பழைய உறைமோரில பல இனம் பற்றீரியா கலந்து கிடக்கும், ஒண்டைப் ஃபேஜ் பிடிச்சால் மற்றது வேலை செய்யும், அதாலதான் ஆச்சிமாரின்ர காலத்தில தயிர் இப்பிடி மொத்தமாப் படுக்கிறது குறைவு. சீஸ், யோகட் பக்டரியளில ஒண்டு ரெண்டு இனத்தை மட்டும் தெரிஞ்செடுத்து ரன் கணக்கான பாலில விடுவினம், அங்கதான் ஃபேஜ் பூந்தால் ஒரே நாளில தொட்டி தொட்டியாப் பால் பழுதாப் போறது. அந்த நட்டத்துக்கு வழி தேடப்போய்த்தான் 2007 இல யோகட் பற்றீரியாவை வைச்சு ஒண்டைக் காட்டினவை, ஃபேஜிட்ட இருந்து தப்பின பற்றீரியா அந்தப் ஃபேஜின்ர டிஎன்ஏயில ஒரு துண்டை வெட்டித் தன்ர டிஎன்ஏயில ஒட்டி வைச்சிருக்கு, அடுத்த முறை அதே ஆள் வந்தால் அடையாளம் கண்டு வெட்டுது. இப்ப பேப்பரில அடிபடுற கிரிஸ்பர் இதுதான், அதை மரபணு வெட்டுற கருவியா மாத்தினதுக்கு 2020 இல ரெண்டு பெம்பிளையளுக்கு நோபல் பரிசு.

ஆச்சியிட்டச் சொல்லுங்கோ, கண்ணூறும் ஒரு வகையில உண்மைதான், கண்ணுக்குத் தெரியாத கண். தயிரைக் குடிச்ச ஆக்களுக்கு அந்தப் ஃபேஜால ஒண்டும் வராது, எங்கட கலத்தில அதுக்குப் பிடி இல்லை.

கேள்வி: பிராக்ரிக்கலில ஈ.கோலை வளர்ந்த குடுவைக்குள்ள ஃபேஜ் விட்டம். பின்னேரம் பாத்தால் கண்ணாடி மாதிரித் தெளிஞ்சு போச்சு, எல்லாரும் ஃபோட்டோ எடுத்தம். அடுத்த நாள் விடியப் பாத்தால் திரும்பக் கலங்கிக் கிடக்கு. எங்க பிழை விட்டம்? பிளேற்றில எண்ணுற முறையையும் ஒருக்காச் சொல்லுங்கோ, எங்களுக்குப் பொட்டே வரேல்லை.
பல்கலைக்கழக மாணவன், கிளிநொச்சி

பதில்: பிழை ஒண்டும் விடேல்லைத் தம்பி, ரெண்டாவது ஃபோட்டோவையும் எடுத்திருக்கவேணும். குடுவைக்குள்ள கோடிக்கணக்கான பற்றீரியா நிக்கேக்க அதில ஒண்டு ரெண்டுக்கு ஏற்கெனவே வெளித்தோலில ஃபேஜ் ஒட்டுற பிடி மாறியிருக்கும், பிரதியில நடக்கிற எழுத்துப்பிழையால. ஃபேஜ் மற்ற எல்லாத்தையும் துடைச்சாப் பிறகு முழுச் சாப்பாடும் அதுகளுக்குத்தான், ராத்திரி முழுக்க 20 நிமிசத்துக்கொருக்கா ரெண்டாகி விடிய நீங்கள் வரேக்க கலக்கிப் போட்டுதுகள். ஃபேஜைக் கண்டாப் பிறகு மாறினதோ, காண முதலே மாறியிருந்ததோ எண்டு பெரிய வாதம் நடந்தது, 1943 இல லூரியாவும் டெல்புருக்கும் கனக்கச் சின்னக் குழாயளில தனித்தனியா வளர்த்து, ஒவ்வொண்டிலயும் தப்பினதை எண்ணினவை. சிலதில ஒண்டும் இல்லை, சிலதில நூற்றுக்கணக்கு, ஃபேஜ் வந்து மாத்தினதெண்டால் எல்லாத்திலயும் ஏறத்தாழ ஒரே அளவு வந்திருக்கவேணும் எல்லோ. காண முதலே மாறினது எண்டு முடிஞ்சுது. 1969 இல ஹெர்ஷியோட சேத்து மூண்டு பேருக்கும் நோபல் குடுத்தவை.

இன்னொண்டு, ஃபேஜை எவ்வளவு விட்டனீங்கள்? பற்றீரியாவுக்கு ஒண்டு எண்டு கணக்குப் பாத்து விட்டாலும் எல்லாத்துக்கும் ஒவ்வொண்டு போய்ச் சேராது. முத்தத்தில 100 சட்டியை வைச்சுக் கண்ணை மூடிக்கொண்டு 100 புளியங்கொட்டையை எறிஞ்சால் சிலதுக்குள்ள ரெண்டு மூண்டு விழும், 37 சட்டி அளவு வெறுமையாக் கிடக்கும். குடுவைக்கும் அதே கணக்கு. முதல் சுற்றில தப்புறதை அடுத்த சுற்றில வாற நூறு மடங்கு பிடிக்கும், அதாலதான் தெளிய நேரம் எடுக்கிறது.

பிளேற்றுக்கு வருவம். அடியில கட்டி அகார் (பற்றீரியா வளர்க்கிற ஜெலி), மேல 0.7 வீதம் அளவில இளக்கமான அகார், அந்த இளக்கத்தை 45 பாகைக்கு ஆறவிட்டு, வளர்ந்துகொண்டிருக்கிற இளம் பற்றீரியாவையும் ஐதாக்கின ஃபேஜையும் கலந்து, இறுக முதல் ஊத்தவேணும். கொதி அகாரில ஊத்தினால் பற்றீரியா செத்திடும், முதல் நாள் வளர்ந்து ஓய்ஞ்ச பற்றீரியாவைப் போட்டால் பொட்டு பிந்தும். விடியப் பாத்தால் பற்றீரியாப் பாய் விரிச்ச மாதிரி இருக்கும், அதில ஃபேஜ் விழுந்த இடமெல்லாம் தெளிவான பொட்டு. ஒரு பொட்டு ஒரு ஃபேஜில தொடங்கினது. 10 லட்சம் மடங்கு ஐதாக்கினதில 0.1 மில்லிலீற்றர் எடுத்து 50 பொட்டு வந்தால், உங்கட மூலக் கரைசலில ஒரு மில்லிலீற்றருக்கு 50 கோடி. 30 க்குக் கீழ வந்தாலும் 300 க்கு மேல வந்தாலும் அந்தப் பிளேற்றைக் கணக்கில எடுக்காதேங்கோ.

பொட்டே வரேல்லை எண்டுறீங்கள், நல்லாப் பாருங்கோ, பற்றீரியாப் பாயாவது வந்ததோ? நான் ஆய்வுகூடத்தில பழகின காலத்தில ஒருக்கா ஆறு பிளேற் போட்டு ஆறும் துப்பரவாத் தெளிஞ்சு கிடந்தது, பொட்டு இல்லை, ஃபேஜ் செத்துப்போச்சு எண்டு ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்கொண்டு திரிஞ்சன். நான் ஐதாக்கேக்க பிப்பெற் முனை மாத்தேல்லை, ஒரே முனையாலயே ஆறு குழாயும் கலக்கியிருக்கிறன், ஆறிலயும் ஃபேஜ் நிரம்பி வழிஞ்சு, பொட்டும் பொட்டும் சேந்து முழுப் பிளேற்றையும் திண்டிட்டுது. பாய் ஒழுங்கா வந்து பொட்டு மட்டும் இல்லையெண்டால் அது வேற கதை, கல்சியம் மக்னீசியம் உப்புப் போட்டதோ எண்டு பாருங்கோ, கனக்கப் ஃபேஜுக்கு ஒட்டுறதுக்கு அது வேணும்.

பொட்டு ஏன் ஒரு அளவில நிண்டிடுது எண்டு நீங்கள் கேக்கேல்லை, நானாச் சொல்லுறன். சாப்பாடு முடிஞ்சு பற்றீரியா ஓயிற நேரம் ஃபேஜும் ஓயும். அந்த அக்காவின்ர சட்டிக்குச் சொன்னதுதான்.

கேள்வி: ஃபேஜால புண் மாத்தலாம் எண்டு யூரியூப்பில பாத்தன். எனக்குச் சீனி வருத்தம், கால்புண் ஒரு வருசமாக் கிடக்கு. இஞ்ச ஆஸ்பத்திரியில கேக்கலாமோ?
ஓய்வுபெற்ற அரச ஊழியர், வவுனியா

பதில்: கேளுங்கோ ஐயா, கேக்கிறதில தப்பில்லை, ஆனா அது மருந்துக்கடையில வாங்குற சாமான் இல்லை. யோசனை பழசு. 1896 இல ஹான்கின் எண்டவர் கங்கைத் தண்ணியிலயும் யமுனைத் தண்ணியிலயும் வாந்திபேதிக் கிருமி சாகுது எண்டு எழுதினவர், 1915 இல ட்வோர்ட்டும் 1917 இல பாரிசில தெரெல்லும் ஃபேஜைக் கண்டவை, பேர் வைச்சது தெரெல். 1923 இல ஜோர்ஜியாவில திபிலிசி நகரத்தில இதுக்கெண்டே ஒரு நிலையம் தொடங்கி இண்டைக்கும் நடக்குது. பிறகு பெனிசிலின் வந்தவுடன மற்ற நாடுகள் மறந்து போச்சு, இப்ப நுண்ணுயிர்க்கொல்லி பிடிக்காத கிருமி கூடினபடியால் திரும்பத் தேடினம். 2016 இல அமெரிக்காவில ரொம் பற்றர்சன் எண்ட பேராசிரியர் மருந்து எதுக்கும் அசையாத கிருமியால கோமாவில கிடந்து ஃபேஜால எழும்பினவர்.

சிக்கல் என்னெண்டால் ஒரு ஃபேஜ் ஒரு கிருமியின்ர சில இனத்தைத்தான் பிடிக்கும், ஆளாளுக்குத் தேடிப் பொருத்தவேணும், தம்பியின்ர குடுவை மாதிரித் தப்பினது திரும்ப வரும், அதுக்காகப் பல ஃபேஜைக் கலந்து குடுப்பினம். லம்டா மாதிரிக் கோர்த்துக்கொண்டு இருக்கிற சாதியைக் குடுக்கவே கூடாது, வாந்திபேதிக் கிருமிக்கு நஞ்சைக் குடுத்ததே அப்பிடி ஒரு ஃபேஜ்தான், 1996 இல காட்டினவை. கால்புண்ணுக்கு இப்ப செய்யவேண்டியது சீனியைக் கட்டுப்படுத்திக் கிளினிக்குக்கு ஒழுங்காப் போறது. தயவுசெய்து ஆத்துத் தண்ணி குளத்துத் தண்ணி ஒண்டும் புண்ணில ஊத்தாதேங்கோ.

கேள்வி: இரணைமடுத் தண்ணியில செய்யிற வயல். காலபோகத்தில எல்லாரும் ஆட்டக்காரி நெல்லுத்தான் விதைச்சம், இலை ஓரம் மஞ்சளாகிக் காய்ஞ்சு வைக்கல் மாதிரிப் போச்சு. பற்றீரியா எண்டு சொல்லிச்சினம். இதுக்கும் பற்றீரியாவைக் கொல்லுற வைரஸ் அடிக்கலாமோ?
விவசாயி, கிளிநொச்சி

பதில்: அண்ணை, முதல்ல பற்றீரியாதானோ எண்டு பாருங்கோ. வருத்தம் பிடிச்ச இலையை வெட்டி, வெட்டின பக்கம் கீழ இருக்கத் தக்கதாத் தெளிஞ்ச தண்ணிக் கிளாசில வையுங்கோ, கொஞ்சத்தால பால் மாதிரி இழையா இறங்கினால் பற்றீரியா இலை வெளிறல் நோய்தான். அந்தப் பற்றீரியாவுக்கும் ஃபேஜ் இருக்கு, உங்கட வயல் தண்ணியிலயே இருக்கும். யப்பானில வாய்க்கால் தண்ணியில அந்தப் ஃபேஜை எண்ணி, எண்ணிக்கை ஏறினால் பற்றீரியாவும் ஏறுது எண்டு விளங்கி, இலையில தெரிய முதலே எச்சரிக்கை குடுத்தவை. எண்ணினது அந்தத் தம்பி கேட்ட பொட்டு முறையாலதான்.

விசிறுறது வேற விசயம். வன்னி வெயிலில இலையில விழுந்த ஃபேஜ் கனநேரம் நில்லாது, புறஊதா அதின்ர நூலை வெட்டிப்போடும், பொழுதுபட அடிச்சால்தான் கொஞ்சமாவது தங்கும். இஞ்ச உங்களுக்குக் கையில இருக்கிற வழி யூரியாவைக் கூட்டிப் போடாமல் பிரிச்சுப் போடுறது, வருத்தம் பிடிச்ச வயல் தண்ணியை அடுத்த வயலுக்குத் திறந்து விடாமல் இருக்கிறது, அந்த வயல் நெல்லை விதைக்கு வைக்காமல் விடுறது. அடுத்த போகத்துக்கு நோய் தாங்கிற இனம் எது எண்டு கமநல நிலையத்தில விசாரியுங்கோ, முழு வாய்க்காலுக்கும் ஒரே இனத்தை விதைக்காமல் நாலு பேர் சேந்து பேசி மாத்தி விதைச்சால் இன்னும் நல்லம். கிளாசில வைச்ச இலையைப் பாத்து முடியத் தண்ணியை வாய்க்காலில ஊத்தாமல், இலையோட சேத்து அடுப்புச் சாம்பலுக்குள்ள ஊத்தி மூடிவிடுங்கோ.